பாட்டு இல்ல, பூசாரி இல்ல, சும்மா உக்காந்திருந்தா சாமி கும்புட்டதாகுமா? க்வேக்கர்ங்க பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரைக்காரி (திருப்பூர்):

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற விசயம், தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஹெச்.ஆர் செக்சன்ல இருக்கறேன். எங்கூட்டுல அவிநாசி கோயிலுக்கும் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியாத்தா நோம்பிக்கும் போற குடும்பமுங்க, நான் படிச்சது மட்டும் மிசன் ஸ்கூல்ல, அதனால சர்ச்னா எனக்கு ஓரளவு தெரியும், பாட்டு, செபம், பாதிரி ஐயர் வந்து பிரசங்கம் பண்றது, காணிக்கப் பை வர்றது இதெல்லாம்.

2023 மார்ச்ல நம்மூருல வடக்கத்தி ஆளுங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சில்லீங்களா, அப்ப எங்க ஹாஸ்டல் பசங்களும் பயந்துட்டு பையக் கட்டி வெச்சுட்டாங்க. போலீசு வந்து பேசுனாங்க, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்தாங்க, பீகார்ல இருந்தே அதிகாரிங்க திருப்பூருக்கு வந்து பாத்துட்டுப் போனாங்க. எனக்கு இந்தி சுத்தமா வராது, என்ன சொல்லி தைரியம் சொல்றதுன்னும் தெரியல, அதனால பொழுதோட ஷிப்ட் முடிஞ்சதும் எங்க சூப்பர்வைசர் அக்காவும் நானும் போயி அவங்க கூட வராந்தாவுல உக்காந்திருப்போம், அவ்வளவுதான். பேச்சே இருக்காது. ஆனா போகப்போக அந்தப் பசங்க மொகத்துல இருந்த பயம் எறங்கறத நான் பாத்தேனுங்க. பொறவு எப்பவோ வெளிநாட்டுல இருந்து துணி ஆர்டர் குடுக்க வந்த ஒரு பையர் அம்மா கிட்ட இதச் சொல்லிட்டு இருக்கறப்ப அவங்க சொன்னாங்க, நான் க்வேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவு, நாங்க சாமி கும்புடறதே இப்படித்தான், ஒன்னா உக்காந்து பேசாம காத்திருப்போம்னு.

அதுக்கப்புறம் தேடித்தேடி படிச்சா அடிமை முறைய ஒழிச்சதுல இவங்க, ஜெயில சீர்திருத்துனதுல இவங்க, போருக்குப் போக மாட்டேன்னு சொன்னதுல இவங்க, நோபல் பரிசு வரைக்கும் வாங்கியிருக்காங்க. எனக்குப் புரியாதது என்னன்னா, வாயத் தொறக்காம உக்காந்திருக்கற ஆளுங்க எப்படி இத்தன வேலை செஞ்சாங்க? ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா, இல்ல உக்கார்றது தனி, வேலை தனியா? நம்ம கொங்கு பக்கம் இப்படி உக்கார்றவங்க யாராச்சும் இருக்கறாங்களா? மதம் மாறணும்னு எல்லாம் எனக்கு ஆசை இல்லீங்க, ஆனா இத விடவும் மனசு வரல.

கோபிக்காரன்_பர்மிங்காம்:

அக்கா வணக்கமுங்க. நான் கோபிச்செட்டிபாளையம், இப்ப பர்மிங்காம்ல நர்சா இருக்கறேன். கூட வேலை செய்யற ஒரு அம்மா கூப்புட்டாங்கன்னு போனது, இப்ப ஞாயித்துக்கெழம ட்யூட்டி இல்லாதப்பெல்லாம் போறேன். மெம்பர் கெடையாது, ஆனா யாரும் அதக் கேக்கறதும் இல்ல. உள்ள எப்படி இருக்கும்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

சிலுவை இல்ல, பீடம் இல்ல, மெழுகுவத்தி இல்ல. ஒரு ரூம்பு, வட்டமாவோ சதுரமாவோ நாற்காலி, நடுவுல ஒரு மேசை, அதுல சில எடத்துல பூ இருக்கும், ஒரு பைபிள், அவங்களோட இன்னும் ஒன்னு ரெண்டு புஸ்தகம் இருக்கும். மொதல்ல வர்றவங்க உக்காந்ததுமே கூட்டம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், மணி அடிக்கறது எல்லாம் இல்ல. ஒரு மணி நேரம். நடுவுல யாருக்காச்சும் சொல்லியே ஆகணும்னு உள்ள இருந்து தள்ளுச்சுன்னா எந்திரிச்சு நின்னு சொல்லுவாங்க, ஆம்பள பொம்பள வயசு வித்தியாசம் கெடையாது, ரெண்டு நிமிசம் மூணு நிமிசம், சொல்லிட்டு உக்காந்துருவாங்க. அதுக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது, வாதம் பண்ணக்கூடாது, அடுத்தவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் விடணும், சொன்னது எறங்கறதுக்கு. சில வாரம் யாருமே பேசறதில்ல. கடைசில பெரியவங்க ரெண்டு பேர் கை குலுக்குவாங்க, எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்க கைய குலுக்குவாங்க, முடிஞ்சுது, அப்புறம் டீயும் பிஸ்கட்டும் அறிவிப்பும்.

இது தியானம் மாதிரியான்னு நானும் நெனச்சேன். இல்லீங்க. நான் ஈசா, வேதாத்திரி ரெண்டும் போயிருக்கேன், அங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க உள்ளுக்குள்ள போறோம், பக்கத்துல ஆள் இல்லைன்னாலும் அது நடக்கும். இங்க அப்படி இல்ல, எல்லாரும் சேந்து ஒன்னத்துக்குக் காது கொடுக்கறாங்க, பக்கத்துல இருக்கறவர் கொண்டு வர்ற வெசனமும் அந்த ரூம்புக்குள்ள இருக்குது. ஒவ்வொரு மனுசனுக்குள்ளயும் கடவுளோட அம்சம் ஒன்னு இருக்குதுங்கறது அவங்க அடிப்படை. அப்படின்னா ஐயர் எதுக்கு, அவர் ஒருத்தர் மட்டும் எதுக்கு பேசணும்னு 1650கள்லயே கேட்டாங்க. இங்கிலாந்துல ஜார்ஜ் பாக்ஸ்ங்கறவரு ஆரம்பிச்சது, அவர் கூட மார்கரெட் பெல்னு ஒரு அம்மா, அந்தம்மா ஜெயில்ல இருந்துக்கிட்டே பொம்பளைங்க சபையில பேசலாம்னு எழுதி 1666ல அச்சுப் போட்டாங்க. 1666ங்க! ஞானஸ்நானம், திருவிருந்து எதுவும் சடங்கா கெடையாது. கல்யாணத்துக்கும் ஐயர் இல்ல, பொண்ணும் மாப்பிள்ளையும் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு வாக்கு குடுத்துக்குவாங்க, வந்திருக்கற அத்தன பேரும், குழந்தைங்க உட்பட, அந்தப் பத்திரத்துல கையெழுத்து போடுவாங்க.

ஒன்னு மட்டும் தெளிவா சொல்லிடறேன், உலகத்துல இருக்கற எல்லா க்வேக்கரும் இப்படி பேசாம உக்கார்றவங்க இல்ல. இன்னைக்கு அதிகம் பேர் இருக்கறது ஆப்பிரிக்காவுல, குறிப்பா கென்யாவுல, 1902ல கைமோசிங்கற எடத்துல ஆரம்பிச்சது, அங்க பாட்டு உண்டு, போதகர் உண்டு, நம்ம சி.எஸ்.ஐ. சர்ச் ஆளுங்க போனா வித்தியாசமே தெரியாது.

காந்தி 1931ல வட்டமேஜை மாநாட்டுக்கு வந்தப்ப இங்க பர்மிங்காம்ல வுட்ப்ரூக்னு க்வேக்கர்ங்க நடத்துன கல்விச்சாலையில வந்து தங்கியிருக்காருங்க.

ஊத்துக்குளி_வெண்ணெய்:

ஒரு சின்ன சந்தேகம், ஓட்ஸ் டப்பாவுல தொப்பி போட்ட தாத்தா படம் போட்டு க்வேக்கர்னு இருக்குதே, அது இவங்க கம்பெனியா?

கோபிக்காரன்_பர்மிங்காம்:

இல்லீங்கண்ணா, அந்தக் கம்பெனிக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே கெடையாது, நேர்மையான ஆளுங்கன்னு இவங்களுக்கு இருந்த பேர அவங்க டப்பாவுக்கு எடுத்துக்கிட்டாங்க. ஆனா கேட்பரி சாக்லேட் நெசமாவே க்வேக்கர் குடும்பம் ஆரம்பிச்சது. ரவுன்ட்ரீ சாக்லேட், பார்க்லேஸ் பேங்கு, லாயிட்ஸ் பேங்கு இதுங்களோட வேரும் அங்கதான். அப்ப இவங்கள யூனிவர்சிட்டில சேத்துக்க மாட்டாங்க, அரசாங்க வேலை கெடையாது, பட்டாளத்துக்கு இவங்களே போக மாட்டாங்க, மிச்சம் இருந்தது வியாபாரம். பேரம் பேசாம ஒரே வெலை, சின்னக் கொழந்தை வந்து வாங்குனாலும் அதே வெலைன்னு கடை நடத்துனாங்க, சனம் நம்பி வந்துச்சு.

ஓடாநிலை:

படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ரெண்டு பேரும், கொறை சொல்றதுக்கு வரல, ஆனா என் பக்கம் இருந்து பாத்தா எப்படி இருக்குதுன்னும் சொல்லணும் இல்லீங்களா. நான் அருந்ததியர் காலனி ஆளு, அறச்சலூர் பக்கம். எங்களுக்கு இந்தப் பேசாம இருக்கறது புதுசு கெடையாதுங்க. டீக்கடைல எங்களுக்குத் தனி டம்ளர் இருந்தப்ப ஊரே பேசாமத்தான் இருந்துச்சு. இப்ப பேப்பர் கப்பு வந்துருச்சு, அதனால தனி டம்ளர் இல்லைங்கறாங்க. 2018ல அவிநாசி பக்கம் ஒரு ஸ்கூல்ல சத்துணவு சமைக்க வந்த அம்மாவ எங்க சாதிங்கறதுக்காக சமைக்க விடமாட்டோம்னு தடுத்தாங்களே, அப்ப போராடுனது யாரு, நாங்களும் சில இயக்கத்துக்காரங்களும். நல்லவங்க எல்லாம் வூட்டுக்குள்ள உக்காந்திருந்தாங்க. கெட்டவங்க நாலு பேர் செய்யறத விட நல்லவங்க நாப்பது பேர் வாய மூடிட்டு இருக்கறதுதான் எங்களுக்கு அதிகமா வலிக்கும்.

பிரச்சனைன்னு வந்துட்டா தாசில்தாரு, ஆர்.டி.ஓ. அமைதிக் கூட்டம் போடுவாங்க. ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு, அடிச்சவனுக்கும் அடி வாங்குனவனுக்கும் ஒரே மாதிரி டீ குடுத்து, இனிமே பிரச்சனை பண்ண மாட்டோம்னு ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து. அடி வாங்குனவன் எதுக்குங்க கையெழுத்து போடணும்? அதனால சமாதானம்னு யாராச்சும் ஆரம்பிச்சாலே எங்காளுங்களுக்கு வயித்துல புளி கரைக்கும்.

அந்தம்மா ஹாஸ்டல்ல போயி உக்காந்தது பெரிய விசயம், அத நான் மதிக்கறேன். ஆனா ஒரு மணி நேரம் உக்காந்துட்டு கை குலுக்கிட்டு டீ குடிச்சுட்டுப் போறதுல நியாயம் எங்க வருது? அவங்க முடிவு எடுக்கறதும் ஓட்டுப் போடாம எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான்னு எங்கயோ படிச்சேன். ஊர்க்கூட்டமும் அப்படித்தான், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு பெரியதனக்காரர் சொல்லுவாரு, அதுல எங்க தெரு ஆள் வாயத் தொறந்தானான்னு யாரும் பாக்கறதில்ல. தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க, நெசமாவே கேக்கறேன்.

கோத்தகிரி_வாத்தியார்:

தம்பி ஓடாநிலை, உங்க கேள்வியத்தான் மொதல்ல எடுக்கணும், இந்த இழையில அதுதான் முக்கியமான கேள்வி. நான் மேட்டுப்பாளையத்துல பொறந்து கோத்தகிரியில வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், எங்க அப்பாரு சர்வோதய சங்கத்துல கதர் வேலை பாத்தவரு, அந்த வழியா இந்த ஆளுங்க பத்தி சின்ன வயசுலயே கேள்விப்பட்டேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க சொன்ன தப்பு அவங்க கிட்டயும் இருந்துச்சு, அதுவும் நூறு வருசத்துக்குக் கிட்ட. அமெரிக்காவுல பென்சில்வேனியா க்வேக்கர்ங்க ஒருவாக்குன ஊரு, அங்க பல பேர் அடிமை வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு மனுசனுக்குள்ளயும் கடவுள் அம்சம்னு சொல்லிக்கிட்டே வெச்சிருந்தாங்க. 1688ல ஜெர்மன்டவுன்ங்கற எடத்துல நாலு பேர் இது அநியாயம்னு எழுதிக் கையெழுத்து போட்டு சபைக்குக் குடுத்தாங்க. கீழ்க் கூட்டத்துல இது பெரிய விசயம், மேல அனுப்பறோம்னாங்க, மேல இருக்கற கூட்டம் அதுக்கும் மேல அனுப்புச்சு, உச்சியில இருந்த வருசாந்திரக் கூட்டம் எடுத்துக்காமயே வெச்சிருச்சு. நம்ம ஊரு மனு மாதிரியே ஆபீஸ் ஆபீஸா போயி நின்னு போச்சு. அடிமை வெச்சிருக்கக்கூடாது, வெச்சிருந்தா சபைய விட்டு நீக்கிருவோம்னு பிலடெல்பியா கூட்டம் முடிவு எடுத்தது 1776ல. நடுவுல 88 வருசம். எல்லாரும் ஒத்துக்கணும்ங்கற முறையால அடிமை வெச்சிருந்த பணக்காரங்களே முடிவத் தள்ளிப் போட முடிஞ்சுதுங்கறது உண்மைதான், அத மறைக்கறதுல அர்த்தமில்ல. பெஞ்சமின் லேன்னு ஒரு குள்ளமான மனுசன் கூட்டத்துக்குள்ள வந்து சத்தம் போட்டாரு, 1738ல பழச்சாறு நெரப்புன பைய புஸ்தகத்துக்குள்ள வெச்சு கத்தியில குத்தி ரத்தம் மாதிரி தெறிக்க விட்டாரு, உங்க கையில இருக்கற ரத்தம் இதுதான்னு. அவர சபையில இருந்து நீக்கிட்டாங்க.

அப்ப 1776ல மாறுனது எப்படின்னா, அதுல பெரிய பங்கு ஜான் வுல்மேன்ங்கறவருக்கு. நம்ம நொய்யல்கரை கண்ணு இவரப் பத்தி அவசியம் படிக்கணும், ஏன்னா இவரு தொழில்ல டெய்லர். வாலிபத்துல கடைல குமாஸ்தாவா இருந்தப்ப மொதலாளி ஒரு நீக்ரோ அம்மாவ வித்ததுக்கு பத்திரம் எழுதச் சொன்னாரு, எழுதிட்டாரு, ஆனா அது மனச அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பொறவு இனிமே எழுத மாட்டேன்னு நின்னுட்டாரு. அதோட நிக்கல. அடிமை வெச்சிருக்கற க்வேக்கர் வூடுகளுக்கு ஒவ்வொன்னா நடந்து போனாரு, அவங்க கூட உக்காந்தாரு, மொகத்துக்கு நேரா சொன்னாரு. அவங்க வூட்டுல தங்கி சாப்புட்டா, அங்க வேலை செஞ்ச அடிமைங்களுக்குன்னு காசு குடுத்துட்டுத்தான் கெளம்புவாரு. ஒரம்பரைக்கு வந்தவன் வேலையாளுக்குக் கூலி குடுத்தா வூட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. சத்தமே போடல, ஆனா அந்த வூட்டுக்காரன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்.

சாயம் போட்ட துணி கட்ட மாட்டேன்னும் விட்டாரு. சாயம் எதுக்கு, அழுக்க மறைக்கறதுக்குத்தானே, அழுக்கு துணிய மறைச்சுக் கட்டறத விட தொவச்சுக் கட்டறதுதானே நல்லதுன்னு. 1772ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போனப்ப நல்ல கேபின்ல போக மாட்டேன்னு மாலுமிங்க தங்கற கீழ்த்தட்டுல போனாரு, அங்க போயி கோச்சு வண்டியில ஏற மாட்டேன்னு நடந்தே போனாரு, குதிரையும் வண்டி ஓட்டற பசங்களும் படற பாட்ட பாத்துட்டு. யார்க் ஊருல அம்மை வந்து அங்கயே எறந்துட்டாரு. திருப்பூர் சாயப்பட்டறைங்கள 2011ல ஐகோர்ட் மூடச் சொன்னப்ப எனக்கு இந்த மனுசன் ஞாபகந்தான் வந்துச்சு. ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி நின்னு கீழ இருக்கற பூமி கெட்டுப் போச்சே, அந்த வெள்ளாமக்காரனுக்கு யாரு பதில் சொல்றதுன்னு, துணி உடுத்தற எல்லாரும் கேக்க வேண்டிய கேள்விய அவரு 250 வருசத்துக்கு முன்னாடியே கேட்டுட்டாரு.

இப்ப உக்கார்றதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, என்னோட புரிதல் இதுதான் தம்பி. அந்த ஒரு மணி நேரத்துல மனுசன் தப்பிக்க முடியாது. பாட்டு இருந்தா பாட்டுல மறந்துரலாம், பிரசங்கம் இருந்தா ஐயர் நல்லா பேசுனாருன்னு சொல்லிட்டு வந்துரலாம். ஒன்னுமே இல்லாம உக்காந்தா, எழுதிக் குடுத்த அந்தப் பத்திரம் வந்து கண்ணு முன்னாடி நிக்கும். எந்திரிச்சுப் போயி அதுக்கு எதாச்சும் செய்யற வரைக்கும் அடுத்த வாரமும் வந்து நிக்கும். செய்யாம உக்காந்துட்டே இருந்தவங்களும் இருந்தாங்க, அவங்கதான் அந்த 88 வருசம்.

இன்னொன்னு. அவங்க உக்காந்ததே ஒரு காலத்துல குத்தமா இருந்துச்சு. இங்கிலாந்துல 1664ல சட்டம் போட்டாங்க, அரசாங்க சபைய விட்டு வெளிய அஞ்சு பேருக்கு மேல கூடி சாமி கும்புடக்கூடாதுன்னு. இவங்க ஒளிஞ்சு கும்புடல, கதவத் தொறந்து வெச்சுட்டே உக்காந்தாங்க. ஆயிரக்கணக்குல ஜெயிலுக்குப் போனாங்க, ஜெயில்லயே செத்தவங்க நூத்துக்கணக்கு. 1682ல பிரிஸ்டல்ல பெரியவங்க எல்லாரும் ஜெயில்ல, அப்ப குழந்தைங்களே போயி அந்தக் கூட்டத்த நடத்துனாங்க, அடியும் வாங்குனாங்க. அதனால நம்மூரு அமைதிக் கூட்டத்தையும் இதையும் ஒன்னா பாக்காதீங்க. அங்க அடி வாங்குனவன வாய மூடச் சொன்னாங்க. இங்க அடி வாங்குனவன்தான் எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்தான்.

சண்டைக்குப் போக மாட்டேங்கறதும் அதே மாதிரிதான். பாக்ஸ் 1651ல டெர்பி ஜெயில்ல இருந்தப்ப, வெளிய விடறோம், பட்டாளத்துல கேப்டனா வான்னாங்க, மாட்டேன்னாரு, இன்னும் பல மாசம் உள்ள இருந்தாரு. 1660ல எந்தக் காரணத்துக்கும் ஆயுதம் எடுக்க மாட்டோம்னு சார்லஸ் ராஜாவுக்கு எழுதிக் குடுத்தாங்க. ஆனா போர் நடக்கறப்ப வூட்டுல உக்காந்திருக்கல. மொத உலகப்போர்ல ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டுனாங்க, போர் முடிஞ்சதும் எதிரி நாடான ஜெர்மனில பசியில கெடந்த குழந்தைங்களுக்கு சோறு போட்டாங்க. 1947ல நோபல் சமாதானப் பரிசு பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு நாட்டு க்வேக்கர் சேவை அமைப்புக்கும் சேத்துக் குடுத்தது இதுக்குத்தான்.

கொங்கு பக்கம் யாராச்சும் உண்டான்னு கேட்டீங்க. சபைன்னு இங்க கெடையாது, இந்தியாவுல அவங்க சபைங்க மத்தியப் பிரதேசம் பக்கம், ஹோசங்காபாத் (இப்ப நர்மதாபுரம்), பந்தேல்கண்டுல. ஆனா மலை மேல எங்க கோத்தகிரியில மார்ஜரி சைக்ஸ் அம்மா இருந்தாங்க. 1928ல மெட்ராஸ்ல பெண்டிங்க் ஸ்கூலுக்கு டீச்சரா வந்தவங்க, தமிழ் படிச்சவங்க, பொறவு சாந்திநிகேதன்ல தாகூர் கிட்ட, சேவாகிராம்ல காந்தியோட ஆதாரக் கல்வியில. 1957ல வினோபா சாந்தி சேனை ஆரம்பிச்சாரு இல்ல, கலவரம் நடக்கற எடத்துக்குக் கையில ஒன்னும் இல்லாம போயி நடுவுல நிக்கற ஆளுங்க, அவங்களுக்கு இந்தம்மா கோத்தகிரியில பயிற்சி குடுத்தாங்க. அறுபதுகள்ல நாகாலாந்துல சண்டை நிறுத்தம் வந்தப்ப அங்க போயி சமாதான வேலை செஞ்சாங்க. 1995ல காலமானாங்க. இந்த மண்ணோட சம்பந்தமே இல்லாத சங்கதின்னு நெனக்காதீங்கன்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

செங்கல்சூளை_மேஸ்திரி:

வாத்தியாருங்களுக்கு வணக்கம். நான் வூடு கட்டற காண்ட்ராக்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் க்வேக்கர்தான்னு யாரும் சொல்லலையேன்னு எழுதறேன். பர்மிங்காம்ல பொறந்தவரு, ரெண்டாம் உலகப்போர்ல க்வேக்கர் ஆம்புலன்ஸ் குழுவோட சீனாவுல வேலை செஞ்சாரு, திரும்பிப் போற வழியில பம்பாயில காந்தியப் பாத்தாரு, அப்புறம் இந்தியாவுக்கே வந்துட்டாரு, குஷ்டரோகிங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டுனாரு, கடைசியில திருவனந்தபுரம். அவரோட எலிப்பொறி கட்டு நான் கட்டியிருக்கேன், செங்கல குத்துக்கல்லா நிறுத்தி நடுவுல சந்து விட்டுக் கட்டறது, செங்கல்லு கால் பங்கு மிச்சமாகும், வெயில் காலத்துல உள்ள சூடு எறங்காது. பூச்சு வேண்டாம்பாரு, செங்கல் நல்லா இருந்தா அத எதுக்கு மறைக்கறீங்கன்னு. வாத்தியார் சொன்ன அந்த டெய்லர் சாயம் வேண்டாம்னு சொன்னதப் படிச்சதும் பேக்கர் பேசுன மாதிரியே இருந்துச்சு.

ஓடாநிலை:

வாத்தியாரய்யா, நன்றிங்க. 88 வருசம்ங்கறத மறைக்காம சொன்னீங்க, அதுக்காகவே நன்றி. அந்தப் பெஞ்சமின் லே ஆள எனக்குப் புடிச்சிருச்சு. ஆனா ஒன்னு கேக்கணும். அவர நீக்கிட்டு, வூடு வூடா போயி மெதுவா பேசுன டெய்லர் பேச்சக் கேட்டாங்கன்னா, அதுலயும் ஒரு பாடம் இருக்குதே, மேல இருக்கறவனுக்கு நோகாம பேசுனாத்தான் கேப்பான்னு. அந்த 88 வருசத்துல அடிமையா செத்துப் போனவங்களுக்கு டெய்லர் மெதுவா நடந்து வந்தது என்ன பிரயோசனம்?

கோத்தகிரி_வாத்தியார்:

பிரயோசனம் இல்ல தம்பி. அவங்களுக்கு ஒன்னும் கெடைக்கல. அத நான் சமாதானம் சொல்லி மூட மாட்டேன். லே கத்துனதும் வேணும், வுல்மேன் நடந்ததும் வேணும், ரெண்டும் இல்லைன்னா 1776 வந்திருக்காதுன்னு நெனைக்கறேன். லே சாகறதுக்கு முன்னாடி, 1758ல, அடிமைங்கள வாங்கி விக்கறவங்கள சபை நிர்வாகத்துல சேக்கக்கூடாதுன்னு முடிவாச்சு, அதக் கேட்டு சந்தோசப்பட்டு இனி சாகலாம்னாராம். நோகாம பேசுனாருன்னு மட்டும் வுல்மேன நெனக்காதீங்க. அந்த அடிமைக்குக் கூலின்னு அவர் காசு எடுத்துக் குடுத்தது வூட்டுக்காரனுக்குத் தெரியுமே, நோவு அதுல இருக்குது.

முடிவு எடுக்கற முறை பத்தி கேட்டீங்க, அத விட்டுட்டேன். ஓட்டு கெடையாது, நெசந்தான். கிளார்க்னு ஒருத்தர் இருப்பாரு, அவரு தலைவர் இல்ல, கூட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டு அங்கயே எழுதி, அங்கயே படிச்சுக் காட்டணும், வூட்டுக்குப் போயி எழுதக்கூடாது. யாராச்சும் ஒருத்தர் இது சரியில்லைன்னா நிறுத்தி மறுபடி உக்காருவாங்க. ஊர்க்கூட்டத்துக்கும் இதுக்கும் வித்தியாசம், இங்க ஓரத்துல இருக்கறவன் சொல்றதக் கேக்கறதுக்குத்தான் மொத்த ஏற்பாடும். கேக்காமப் போனா முறை இருந்தும் பிரயோசனம் இல்ல, நீங்க சொன்னது சரி.

நொய்யல்கரைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வாத்தியாரய்யா எழுதுனத எங்க சூப்பர்வைசர் அக்காவுக்கும் படிச்சுக் காட்டினேன். எனக்கு ஒரு முடிவு கெடச்ச மாதிரி இருக்குது. சபை, மெம்பர் எல்லாம் வேண்டாம், மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம காலைல 10 மணிக்கு எங்கூட்டுல ஒரு மணி நேரம் உக்காரலாம்னு இருக்கறோம். நாற்காலி பத்தாது, பாய் விரிச்சுடறேன், முடியாதவங்களுக்கு நாற்காலி. போன எல்லாம் வாசல் கிட்ட ஒரு கூடையில போட்டுரணும். எந்தச் சாமி கும்புடறவங்களும் வரலாம், கும்புடாதவங்களும் வரலாம். கோபித் தம்பி, மொத தடவை உக்கார்றவங்களுக்கு என்ன சொல்லணும்?

கோபிக்காரன்_பர்மிங்காம்:

அதிகமா ஒன்னும் சொல்லாதீங்கக்கா. இருமல் வந்தா இருமட்டும், வெளிய வண்டி சத்தம் கேட்டா கேக்கட்டும், தூக்கம் வந்தாலும் பரவாயில்லைன்னு சொல்லுங்க. பேசணும்னு தோணுச்சுன்னா இது எனக்கு மட்டும் வந்ததா, எல்லாருக்குமான்னு ஒரு தடவை கேட்டுட்டு எந்திரிக்கச் சொல்லுங்க, ஒருத்தர் ஒரு தடவைக்கு மேல வேண்டாம். மொத தடவை ஒரு மணி நேரம் கஷ்டம், அரை மணி நேரம் வெச்சுக்கோங்க.

ஓடாநிலை:

அக்கா, நேராவே கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. எங்க தெருவுல இருந்து நானும் எங்கம்மாவும் வந்தா பாய் எங்க விரிப்பீங்க, வூட்டுக்குள்ளயா, திண்ணையிலயா? முடிஞ்சதும் காப்பி குடுப்பீங்கன்னா எந்த டம்ளர்ல?

நொய்யல்கரைக்காரி:

வூட்டுக்குள்ள நடு ரூம்புலதாங்க. நாங்க குடிக்கற சில்வர் டம்ளர்லதான். எங்க மாமியாருக்கு இது புடிக்காது, அத உங்க கிட்ட மறைக்கல, அவங்க கிட்ட நேத்தே சொல்லிட்டேன், வர்றவங்கள்ல இன்னாரு உள்ள வரக்கூடாதுன்னா அந்தக் கூட்டமே எங்கூட்டுல நடக்காதுன்னு. ரெண்டு நாள் பேசாம இருப்பாங்க, பொறவு பாக்கலாம். அம்மாவ கட்டாயம் கூட்டிட்டு வாங்க. விலாசம் தனி மெசேஜ்ல அனுப்பறேன்.

ஓடாநிலை:

சரிங்கக்கா, வர்றோம். ஆனா உக்காந்து முடிச்சதும் ஒரு விசயம் பேசணும். எங்க தெருவுல இருந்து சுடுகாட்டுக்குப் போற பாதைய ஒருத்தர் கம்பி வேலி போட்டு அடைச்சுட்டாரு, பொணத்த வாய்க்கால்ல எறங்கித் தூக்கிட்டுப் போறோம். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு குடுக்கப் போறோம், இது மொத மனு கெடையாது. நாங்க மட்டும் நின்னா அதிகாரி பாக்கற பார்வை வேற. உங்காளுங்க ரெண்டு பேர் கூட வந்து வரிசையில நின்னாங்கன்னா போதும்.

நொய்யல்கரைக்காரி:

பழைய மனு நகல், அதுக்குக் குடுத்த ரசீது, எல்லாத்தையும் ஞாயித்துக்கெழம கொண்டு வாங்க. நான் திங்கக்கெழம லீவு சொல்லிடறேன், அக்காவும் வர்றேன்னுட்டாங்க. ஈரோடு கலெக்டர் ஆபீஸ்ல டோக்கன் எத்தன மணிக்குக் குடுக்கறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க திருப்பூர்ல இருந்து மொத பஸ்சு புடிக்கணும்.

செங்கல்சூளை_மேஸ்திரி:

நான் பெருந்துறைங்க, திங்கக்கெழம என்ற வண்டி சும்மாதான் நிக்கும். பெருந்துறை வரைக்கும் பஸ்சுல வந்துருங்க, அங்கிருந்து நான் கூட்டிட்டுப் போறேன். மனுவுல சர்வே நம்பர் போட்டிருக்கா தம்பி? இல்லைன்னா கிராமக் கணக்குல இருந்து எப்.எம்.பி. (நெலத்த அளந்து போட்ட) வரைபடம் எடுத்து சேத்துக் குடுங்க, பாதை புறம்போக்குன்னு அதுல இருந்தா அவங்களால தட்ட முடியாது.